மூடியும் கரண்டியும்

நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற மாதம் பள்ளியிலிருந்து ஒரு கதையோடு வந்தாள். ஜேம்ஸ் வாட் என்று ஒரு பையன். அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது. மூடி டக டகவென்று ஆடுகிறது. பையன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அத்தை திட்டுகிறாள். பையன் வளர்ந்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடிக்கிறான். சொல்லி முடித்துவிட்டு, "மூடி ஆடினா ரயில் ஓடுமாப்பா?" என்று கேட்டாள்.

இதே கதையை நானும் படித்திருக்கிறேன். 25 ஆண்டுகளுக்கு முன்பு, கறுப்பு வெள்ளைப் படத்தோடு. எங்கள் வீட்டில் கெட்டில் கிடையாது. டீ திறந்த பாத்திரத்தில் கொதிக்கும். அதனால் உலை கொதிக்கும்போது சோற்றுப் பானையின் தட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டு நன்றாகவே ஆடியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அடுப்படில உனக்கென்னடா வேல?" என்று அம்மா விரட்டினாள். அந்தத் திட்டு வரைக்கும் கதை அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய கண்டுபிடிப்புதான் வரவில்லை. மூடி சிலரிடம் மட்டும்தான் பேசும், நான் அந்தச் சிலரில் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போன பிறகும் அந்த முடிவு மனதின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது.

மகளின் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கதையின் பூர்வீகத்தைத் துருவ ஆரம்பித்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட கதைகளைத் துருவினால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. நியூட்டனின் ஆப்பிளாவது நியூட்டனே வயதான காலத்தில் நண்பர்களிடம் சொன்னது. ஆனால் கெட்டில் கதையில் எதிர்பாராமல் நிறையவே மிஞ்சியது. கெட்டில் உண்மை. அத்தை உண்மையாக இருக்கலாம். பிசகியது அந்த மூடிதான்.

வாட் 1736இல் ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்தில் பிறந்தவர். அப்பா கப்பல் தச்சர், கப்பல்களுக்கு வேண்டிய கருவிகளையும் விற்றவர். தாத்தா கணக்கு வாத்தியார். பையன் நோஞ்சான், ஓயாத தலைவலி, பல்வலி. பள்ளிக்கு ஒழுங்காகப் போகமுடியாமல் தொடக்கத்தில் அம்மாவிடம் வீட்டிலேயே படித்தான். அப்பாவின் பட்டறையில் அவனுக்கென்று சிறிய உளிகளும் ஒரு மேசையும் இருந்தன. இவ்வளவும் வாழ்க்கை வரலாறுகளில் ஒரே மாதிரி இருக்கின்றன.

கெட்டில் எங்கிருந்து வருகிறது என்றால், மரியன் கேம்ப்பெல் என்ற உறவுக்காரப் பெண்ணிடமிருந்து. வாட்டோடு சேர்ந்து வளர்ந்தவர். 1798இல் தன் மகளை உட்காரவைத்து, பழைய நினைவுகளைச் சொல்லி எழுதச் சொல்கிறார். அதில்தான் கெட்டில் முதன்முதலாகக் கொதிக்கிறது. காட்சி இதுதான்: மாலை நேரம், அத்தை மியூர்ஹெட்டின் தேநீர் மேசை. பையன் ஒரு மணி நேரமாக வாய் திறக்கவில்லை. கெட்டில் மூடியை எடுக்கிறான், திரும்ப வைக்கிறான். ஒரு தடவை கோப்பையையும் ஒரு தடவை வெள்ளிக் கரண்டியையும் ஆவிக்கு மேலே பிடிக்கிறான். மூக்கு வழியாக ஆவி எழுவதைப் பார்க்கிறான். அது குளிர்ந்து சொட்டுகிற துளிகளைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறான். அத்தைக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு சோம்பேறிப் பையனை நான் பார்த்ததே இல்லை, ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தால் என்ன என்று பொரிகிறாள்.

இதில் மூடி இருக்கிறது. ஆனால் அது ஆடவே இல்லை. ஆவி மூடியைத் தூக்கவில்லை, பையன்தான் தூக்குகிறான். அவன் கவனம் முழுக்கக் கரண்டியில் இருக்கிறது. ஆவிக்கு எவ்வளவு பலம் என்று அவன் பார்க்கவில்லை. ஆவி திரும்பத் தண்ணீராகும்போது எவ்வளவு தண்ணீராகிறது என்று பார்க்கிறான்.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வாட் தொட்ட இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் புரியும். அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712இல், தாமஸ் நியூகோமன் நீராவி இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டார். சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைப்பது அதன் வேலை. நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் தாங்கிய ஒரு பெரிய மரம். ஒரு முனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்பு, மறு முனையில் ஒரு சிலிண்டருக்குள் பிஸ்டன். பம்பின் பாரத்தால் பிஸ்டன் மேலே போகும்போது சிலிண்டரை ஆவி நிரப்புகிறது. இப்போது சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். ஆவி சட்டென்று தண்ணீராகிவிடுகிறது. உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். வெளியே இருக்கும் காற்றின் எடை பிஸ்டனைக் கீழே அழுத்துகிறது. மறு முனையில் சுரங்கத் தண்ணீர் மேலே வருகிறது.

அதாவது இந்த இயந்திரத்தில் ஆவி எதையும் தள்ளவில்லை. ஆவி காணாமல் போவதால்தான் வேலை நடக்கிறது. மூடியைத் தூக்கும் ஆவியைப் பார்த்து நியூகோமன் இயந்திரத்துக்கு ஒருநாளும் வந்துசேர முடியாது. கரண்டியில் சொட்டும் ஆவியைப் பார்த்தால் ஒருவேளை வரலாம்.

இன்னும் சுவாரசியமான ஒன்று உண்டு. மூடிப் பரிசோதனையை வாட் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார். 1761 அல்லது 1762இல், கிளாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்தில் கருவிகள் செய்து விற்றுக்கொண்டிருந்தபோது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் செய்த 'டைஜெஸ்டர்' என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். இறுக்கி மூடி, அழுத்தத்தில் எலும்பையும் வேகவைக்கும் பாத்திரம். நம் வீட்டுக் குக்கரின் கொள்ளுத் தாத்தா. அதன் மேல் ஒரு சின்ன சிரிஞ்சைப் பொருத்தி, உள்ளே ஒரு பிஸ்டன் வைத்து, ஆவியை விட்டார். பிஸ்டன் 15 பவுண்டு எடையைத் தூக்கியது. மூடி ஆடியது என்றே வைத்துக்கொள்ளலாம். வாட் அதை ஓரமாக வைத்துவிட்டார். கொதிகலன் வெடிக்கும், இணைப்புகள் ஒழுகும் என்று பயந்தார். அந்தப் பயம் ஆயுள் முழுக்கப் போகவில்லை. உயர் அழுத்த ஆவியை அவர் கடைசிவரை நம்பவில்லை. அவருடைய காப்புரிமை 1800இல் முடிந்த பிறகுதான் டிரெவிதிக் போன்றவர்கள் ஆவியைத் தைரியமாகத் தள்ளவிட்டார்கள். தண்டவாளத்தில் ஓடிய வண்டிகள் அந்த வழியில் வந்தவை. என் மகள் கேட்ட ரயில் டிரெவிதிக் பக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடம் சொல்லித்தருவது, வாட் செய்து பார்த்துக் கைவிட்ட பரிசோதனையை, அவர் செய்யாத வண்டியோடு சேர்த்து.

அப்படியானால் வாட் என்னதான் செய்தார்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக ஆசைப்படுகிறேன். கதைகள் ஓடிக் கடக்கும் இடம் இது.

1763-64 குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புக்குச் சொந்தமான நியூகோமன் இயந்திர மாதிரி ஒன்று வாட்டிடம் பழுதுபார்க்க வந்தது. ஏற்கெனவே லண்டனில் ஒரு பெரிய கருவிக்காரரிடம் போய்த் திரும்பிய மாதிரி. 2 அங்குல விட்டமுள்ள சிலிண்டர். வாட் சரிசெய்தார். ஓடியது. சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிட்டது. கொதிகலன் சிறியது என்று சொல்லவும் முடியாது. சிலிண்டரோடு ஒப்பிட்டால் பெரியதுதான். ஆனால் ஆவி பற்றவில்லை.

பழுதுபார்க்க வந்த பொருள் ஓடினால் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். எங்கள் தொழிலிலும் அதுதான். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறதா, டிக்கெட்டை மூடு. வாட் மூடவில்லை. இந்த ஆவியெல்லாம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்.

முதல் விடை, அளவில் இருந்தது. ஒரு சிலிண்டரை எல்லாப் பக்கமும் பாதியாக்கினால் உள்ளே பிடிக்கும் ஆவி எட்டில் ஒன்றாகிறது. ஆனால் சுவரின் பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. சின்ன இயந்திரத்தில் கொஞ்சம் ஆவிக்கு நிறையச் சுவர். ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சுவர் தண்ணீரால் குளிர்ந்து, மறுபடி ஆவியால் சூடாக வேண்டும். வரும் ஆவியில் பெரும்பகுதி சுவரைச் சூடாக்குவதிலேயே செத்துப்போகிறது. சுரங்கத்து இயந்திரத்திலும் இதே நோய் இருந்தது. அங்கே நிலக்கரி மலிவு என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பொம்மை அந்தப் பிழையைப் பெரிதாக்கிக் காட்டியது.

இரண்டாவது விடைக்குத்தான் கெட்டில் வருகிறது. நிஜக் கெட்டில். வாட்டின் நண்பர் ஜான் ராபிசன் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவுக்கு நீராவி பற்றி எழுதியிருந்தார். முதுமையில் வாட் அந்தக் கட்டுரைகளைத் திருத்தி, குறிப்புகள் எழுதினார். அந்தக் குறிப்புகளில் இது இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்து, ஒரு முனையைத் தேநீர்க் கெட்டிலின் மூக்கில் செருகினார். மறு முனையை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்த கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கினார். ஆவி அந்தத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிக்கொண்டே இருந்தது, பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறையக் கொதிக்கும் சூட்டுக்கு வரும்வரை. பிறகு அளந்தார். தண்ணீர் ஆறில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஆவியாக வந்த ஒரு பங்கு தண்ணீர், தன்னைப்போல் ஆறு பங்கு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இன்றைய எண்களை வைத்து இதைச் சரிபார்த்தேன். ஒரு கிராம் ஆவி தண்ணீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் சுமார் 540 கலோரி. கிணற்றுத் தண்ணீர் 10 டிகிரி என்று கொண்டால் ஒரு கிராமைக் கொதிக்கவைக்க 90 கலோரி. 540ஐ 90ஆல் வகுத்தால் 6. ஒரு கெட்டில், ஒரு வளைந்த குழாய், ஒரு கண்ணாடிப் பாத்திரம், விடை கச்சிதம். வாட் திகைத்துப்போய், அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த நண்பர் ஜோசப் பிளாக்கிடம் ஓடினார். இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம், நான் சில காலமாகப் பாடமே நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றார் பிளாக்.

அப்போது வாட்டுக்கு 28 வயது. ஆக, கெட்டில் முன்னால் உட்கார்ந்து ஆவி தண்ணீராவதை அளந்தவர் ஒரு வளர்ந்த ஆள். கையில் பழுதுபார்க்க வந்த மாதிரி, கடன், புது மனைவி. திட்ட அத்தை இல்லை.

இங்கிருந்து மரியன் கேம்ப்பெல்லின் நினைவைத் திரும்பப் படித்தால் சின்னச் சந்தேகம் வருகிறது. அவர் சொல்லி எழுதவைத்த 1798இல் வாட் 62 வயதுப் பெரிய மனிதர். ஆவியைத் தனிப் பாத்திரத்தில் குளிரவைக்கும் முறைக்கு 1769இலேயே காப்புரிமை வாங்கியவர் என்று ஊருக்கே தெரியும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு மாலையில், அந்தப் பையன் அச்சு அசலாக எதிர்காலக் காப்புரிமையையே கரண்டியில் பிடித்துக்கொண்டிருந்தானா? நினைவு அப்படித்தான் வேலை செய்யும். நம் வீடுகளில் டாக்டரான பையனைப் பற்றி, "சின்னதுலயே பொம்மைக்கு ஊசி போடுவான்" என்பார்கள். எல்லாப் பிள்ளைகளும்தான் பொம்மைக்கு ஊசி போடுகின்றன. அதற்காக மரியன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சோம்பேறி என்று திட்டு வாங்கிய பையனை அவர் பார்த்திருப்பார். அவன் கையில் கரண்டியைப் பின்னால் வந்த புகழ் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அது சரியான கரண்டி. அதைத்தான் பின்னால் வந்தவர்கள் தொலைத்தார்கள். 1834இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாட்டைப் புகழ்ந்து பேசிய அராகோ இந்தக் கதையை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார். அவரிடம் அது இன்னும் ஆவி குளிரும் கதைதான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. தண்ணீர் ஒரு தனிமம் இல்லை, கூட்டுப்பொருள் என்று முதலில் சொன்னது கேவண்டிஷா வாட்டா என்று அந்தக் காலத்தில் ஒரு பெரிய சண்டை. அராகோ வாட் கட்சி. வாட்டை வெறும் மெக்கானிக்காக இல்லாமல் ஆவியின் தத்துவம் தெரிந்த விஞ்ஞானியாகக் காட்ட அந்தக் கட்சிக்குக் கெட்டில் உதவியது. டேவிட் பிலிப் மில்லர் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1863இல் மார்கஸ் ஸ்டோன் இந்தக் காட்சியை வரைந்தபோதும் ஓவியத்தின் தலைப்பில் இருந்தது ஆவி குளிர்வதுதான். ஆனால் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்தது. ரயில் எல்லா ஊருக்கும் வந்தது. ரயில் பார்த்த குழந்தைக்கு ஆவி என்றால் தள்ளுவது. கரண்டி கழன்று விழுந்துவிட்டது, மூடி ஆடத் தொடங்கிவிட்டது. பழைய சரக்கும் தயாராக இருந்தது: வாட்டுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய வூஸ்டர் பிரபு பற்றியும் இதே மூடிக் கதை சொல்லப்படுவதுண்டு.

ஒரு விமர்சகனாக மூடிக் கதையின் பலத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நல்ல கதை. சத்தம் இருக்கிறது, அசைவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அத்தை இருக்கிறாள். குழந்தைகள் ரசிப்பது வாட் ஜெயிப்பதை இல்லை, பெரியவர் ஒருவர் தோற்பதை. துளிகளை எண்ணுவதில் அந்த நாடகம் இல்லை. ஆனால் நாடகத்துக்காக என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எண்ணுகிற பையனை எடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற பையனை வைத்தார்கள். எண்ணுவதை யாரும் செய்து பார்க்கலாம். வேடிக்கை பார்த்தவனுக்கு எங்கிருந்து ஞானம் வந்தது என்பதற்குக் கதையில் பதிலே கிடையாது. சோற்றுப் பானை முன்னால் நான் காத்துக்கொண்டு நின்றது அந்தப் பதிலுக்காகத்தான்.

அதே காலத்தில் இன்னொரு பையன் கதையும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். நியூகோமன் இயந்திரத்தின் வால்வுகளைத் திறந்து மூட ஒரு பையனை நிறுத்தியிருந்தார்களாம். அவனுக்கு விளையாடப் போகவேண்டும். வால்வுகளை ஒரு கயிற்றால் ஆடும் மரத்தோடு கட்டிவிட்டான். இயந்திரம் தானே திறந்து தானே மூடிக்கொண்டது. டெசாகுலியர்ஸ் அவனுக்கு ஹம்ஃப்ரி பாட்டர் என்று பெயரே சொல்கிறார். பெயர் சொல்லாமல் இதை 1776இல் 'நாடுகளின் செல்வம்' நூலில் எழுதியவர் ஆடம் ஸ்மித். கிளாஸ்கோவில் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து வாட்டை அறிந்தவர். வரலாற்றாசிரியர்கள் பலர் இதையும் நம்புவதில்லை. ஆனாலும் இந்தக் கதையில் பையன் என்ன செய்தான், ஏன் செய்தான் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆட்டோமேஷன் வேலை பார்க்கும் எவனும் ஹம்ஃப்ரியைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வான். பாடப் புத்தகத்தில் அவனைப் போடமாட்டார்கள். வேலை நேரத்தில் விளையாடப் போனவன் அல்லவா.

வாட்டின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோவின் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, ஆவியை சிலிண்டருக்குள் குளிரவைக்காமல் தனியாக ஒரு பாத்திரத்துக்குள் இழுத்துக் குளிரவைக்கலாம் என்று தோன்றியது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கலாம். இதைக் கேட்டால் இதுவும் மின்னல் அடித்த கதை மாதிரித்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு குளிர்காலக் கணக்கு இருந்தது. அதற்கு முன்னால் 11 ஆண்டுகள் காத்திருந்தன. பணம் போட்ட ரோபக் திவாலானார். பிழைப்புக்காகக் கால்வாய்களுக்கு நில அளவை செய்தார் வாட். 1773இல் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு பர்மிங்ஹாம் போய், மேத்யூ போல்டனோடு சேர்ந்தார். பீரங்கிக் குழல் துளைக்கும் முறையால் ஜான் வில்கின்சன் சிலிண்டரைத் துல்லியமாகக் கடைந்து கொடுத்த பிறகு, 1776இல்தான் இயந்திரங்கள் வேலைக்கு இறங்கின. வாடிக்கையாளரிடம் அவர்கள் கேட்ட கட்டணம், மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஆவி எவ்வளவு வீணாகிறது என்று எண்ணுவதையே தொழிலாக்கினார்கள்.

மரியன் எழுதவைத்த அதே குறிப்பில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது, யாரும் படம் வரையாதது. சிறுவன் வாட்டை கிளாஸ்கோவில் ஒரு தோழி வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள் அம்மா. சில வாரங்களில் அந்தத் தோழி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்கிறாள். தினமும் ராத்திரி அவன் சொல்ல ஆரம்பிக்கும் கதைகளைக் கேட்டு வீட்டில் ஒருவரும் தூங்குவதில்லை. ஒரு மணி நேரம் பேசாமல் சொட்டு எண்ணியவனும் இவனே. குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் இந்த வாயாடிப் பையனைச் சேர்த்துவிட்டிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு சமையலறையில் நிறுத்தினேன். மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி மூடியைத் திறந்தே வைத்தேன்; மூடி திறந்திருந்தால் ஆவி சுவிட்சுக்குப் போகாது, அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒரு நீளமான சில்வர் கரண்டியை ஆவிக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். துளி கூடி, விளிம்புக்கு வந்து, கீழே வைத்த கிண்ணத்தில் சொட்டியது. அவள் எண்ணினாள். 14 வரை நன்றாக எண்ணினாள். பிறகு கரண்டி சூடேறிவிட்டது, சொட்டுவது மெதுவாகி ஏறக்குறைய நின்றேவிட்டது.

"ஏம்ப்பா நின்னுடுச்சு? ஆவி வந்துக்கிட்டுதானே இருக்கு?"

கரண்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடி சொட்டியது. "ஒவ்வொரு தடவையும் கரண்டிய கழுவிக்கிட்டே இருக்கணுமா?" என்றாள். ஹாலிலிருந்து அம்மா, கரண்ட் பில் யார் கட்டுறது என்று கேட்டாள்.